சுடர் தளர்ந்தால் சிலிண்டரைச் சாய்க்காதீர்!

சமையல் எரிவாயு நம் நாட்டு இல்லங்களுக்குள் நுழைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இந்தியன் ஆயில் நிறுவனம் 'இண்டேன்' என்னும் பெயரில் தன் முதல் இணைப்பைக் கல்கத்தாவில் வழங்கியது 1965-ஆம் ஆண்டில். அன்று அது நகரத்து வசதியுள்ளோரின் வீட்டுப் பொருள். 2016-இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின், கிராமத்துக் கூரை வீடுகளிலும் சிவப்பு நிறச் சிலிண்டர் இடம்பிடித்துவிட்டது. ஊதுகுழல் மூலைக்குப் போயிற்று. புகையில் கண் கலங்கிய காலமும் பெரும்பாலும் போயிற்று. ஆயினும், இத்தனை ஆண்டுகள் பழகிய பின்னும் அந்தச் சிவப்புக் கலத்துக்குள் என்ன நிகழ்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

பெருநாளுக்கு முந்திய இரவை எண்ணிப் பாருங்கள். இறைச்சி பாதி வெந்திருக்கிறது. பக்கத்து அடுப்பில் நெய்ச்சோற்றுக்கு உலை காய்கிறது. திடீரென்று சுடர் தாழ்கிறது. சிறுத்துப்போய்ப் பர்னரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உடனே நம் கை எங்கே போகிறது? சிலிண்டரிடம்தான். பிடித்துக் குலுக்குகிறோம். ஒருபுறமாகச் சாய்த்துச் சுவரில் முட்டுக்கொடுக்கிறோம். சிலர் படுக்கவே வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதில் சிலிண்டரை நிறுத்துகிறார்கள். 'இப்படிச் செய்தால் இன்னும் அரைமணி நேரம் எரியும்' என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லித் தந்த வைத்தியம் அது.

இவற்றுள் ஒன்றுகூட அடுப்பின் நோய்க்கு மருந்தன்று. சில, வீட்டாரின் உயிருக்கே கேடு. நோய் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுகொள்வதும் கடினமன்று. வீட்டு ஆண்கள் சபரில் இருக்க, பெண்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஊர்கள் நம்மிடையே பல. அங்கெல்லாம் 'கேஸ் விஷயம் ஆண்கள் விஷயம்' என்று ஒதுங்கி நிற்பதற்கும் வழியில்லை.

கலத்துக்குள் இருப்பது காற்றன்று

சிலிண்டரைக் குலுக்கினால் தண்ணீர் தளும்புவது போன்ற ஓசை கேட்கிறதல்லவா? உள்ளே இருப்பது திரவமே. புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவையை அழுத்தி, திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். வீட்டுச் சிலிண்டரில் அதன் எடை 14.2 கிலோ. கலத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே திரவம் இருக்கும். எஞ்சிய மேல்வெளியில் வாயு நிற்கும். அடுப்பைத் திறக்கும்போது வெளியேறுவது இந்த மேல்வெளி வாயுதான். அது குறையக் குறைய, கீழேயுள்ள திரவம் கொதித்து ஆவியாகி அவ்விடத்தை நிரப்பும்.

'கொதித்து' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நெருப்பே இல்லாமல் எப்படிக் கொதிக்கும்? தண்ணீர் கொதிக்க 100 பாகை வெப்பம் வேண்டும். புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 பாகைக் குளிரிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பியூட்டேன் ஏறத்தாழப் பூஜ்யத்தில் கொதிக்கும். ஆகவே நம் ஊர் வெயிலும் காற்றுமே அவற்றுக்கு அடுப்பு. அவை வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியே சுற்றுப்புறக் காற்றிலிருந்து வாங்கிக்கொள்கின்றன.

ஒரு கிலோ திரவம் வாயுவாக மாற வேண்டிய வெப்பம், ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமம். வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் மணிக்கு 150 கிராம் அளவே செலவழிக்கும். அந்தச் சிறு தேவைக்குக் காற்றின் வெப்பம் தாராளமாகப் போதும். சிலிண்டர் குளிர்ந்ததாக நமக்குத் தோன்றுவதே இல்லை. விருந்துச் சமையலில்தான் கதை மாறுகிறது.

பனி பூக்கும் சிலிண்டர்

வலீமா விருந்துக்குப் பிரியாணி. பண்டாரி வந்து பெரிய தேக்சாக்களை ஏற்றுகிறார். முன்பெல்லாம் விறகடுப்பே வழக்கம். இன்றும் பல ஊர்களில் களரிச் சாப்பாட்டுக்கு விறகின்றி வேறொன்றை ஏற்பதில்லை. ஆனால் நகரங்களில் திருமண மண்டபங்கள் விறகை அனுமதிப்பதில்லை. 19 கிலோ கொண்ட நீலநிற வணிகச் சிலிண்டரும், தரையில் வைக்கும் பெரிய அடுப்புமே துணை. இவ்வகை அடுப்பு ஒன்று மணிக்கு ஒரு கிலோவும் அதற்கு மேலும் வாயுவை இழுக்கும். ஒரே சிலிண்டரில் இரண்டு மூன்று அடுப்புகளை மாட்டிவிட்டால் என்னவாகும்?

முதல் அரைமணி நேரம் நெருப்பு சீறும். பிறகு சிலிண்டரின் வெளிப்புறத்தில் வியர்வை போல் நீர் அரும்பும். சற்று நேரத்தில் அந்நீர் வெண்பனியாக உறையும். பனி எதுவரை படர்ந்திருக்கிறதோ அதுவரை உள்ளே திரவம் இருக்கிறது என்று அறியலாம். அதாவது கலத்தில் எரிவாயு ஏராளம். ஆனால் வெளிவரத்தான் வலுவில்லை. அடுப்புகள் கேட்கும் வேகத்துக்குக் காற்றால் வெப்பம் தர முடியவில்லை. திரவம் தன் சொந்த வெப்பத்தையே செலவழித்துக் குளிர்ந்துவிட்டது. குளிர்ந்ததால் உள்ளழுத்தம் வீழ்ந்தது. அழுத்தம் வீழ்ந்ததால் சுடர் தளர்ந்தது. இதை அறியாத உதவியாளர், 'சிலிண்டர் தீர்ந்துவிட்டது' என்று பாதிக் கலத்தைக் கழற்றி ஓரம்கட்டுவதும் உண்டு. விசேஷ வீட்டுக்காரருக்கு அது வீண் நட்டம்.

இந்த இடத்தில்தான் வெந்நீர் வைத்தியம் வருகிறது. தொட்டியில் கொதிநீர் ஊற்றி அதில் சிலிண்டரை நிறுத்தினால் சுடர் மீண்டும் எழும் என்பது உண்மையே. அதனால்தான் இப்பழக்கம் ஒழியவில்லை. ஆனால் எவ்வளவு வெப்பம் உள்ளே போயிற்று, அழுத்தம் எதுவரை ஏறிற்று என்பதை அளந்து பார்ப்பவர் யார்? குறைந்த அழுத்தத்தில் சரியாக இருக்கட்டுமென்று திருகிவைத்த அடுப்புத் திருப்பிகள், அழுத்தம் திரும்பியதும் சீறிப் பாயும் தீயைக் கக்கும். தேக்சாவின் அருகே குனிந்து நிற்பவரின் முகமும் கையும் முதலில் பலியாகும். வெந்நீர் கிடைக்காத இடத்தில் சாக்கைக் கொளுத்திக் காட்டுவது, அடுப்புத் தணலைச் சிலிண்டரின் அடியில் தள்ளுவது என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெடிகுண்டுக்குத் திரி வைப்பதற்கு ஒப்பானது. நெருப்பு நாக்கு நேரே படும் இடத்தில் இரும்பே தன் வலுவை இழந்துவிடும்.

முறையான வழி எளியது. ஒரு சிலிண்டரின் மேல் எல்லாச் சுமையையும் ஏற்றாமல், இரண்டு மூன்று சிலிண்டர்களைப் பொதுக் குழாயில் இணைத்து, சுமையைப் பங்கிட வேண்டும். இந்த அமைப்பை வைத்திருக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்கள் உண்டு; விருந்து பேசும்போதே கேட்டுவிடலாம். அது இல்லையெனில், பனி பூத்த சிலிண்டரை மூடி, கழற்றி, காற்றோட்டமான இடத்தில் ஓய்வாக நிறுத்திவிட்டு வேறொன்றை மாட்ட வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் அது காற்றின் சூட்டை வாங்கித் தானே தெளிந்துவிடும். நான்கு சிலிண்டர் தேவைப்படும் இடத்தில் இரண்டை வரவழைத்துச் சிக்கனம் செய்யும் வீட்டாரே பண்டாரியை வெந்நீர்த் தொட்டியை நோக்கித் தள்ளுகிறார்கள் என்பது என் கருத்து.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இதே தொல்லை வீட்டு அடுப்பிலும் வரும். சனவரி மாத விடியற்காலையில் ஊட்டியில் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். கலவையிலுள்ள புரொப்பேன் எளிதில் ஆவியாவதால் அது முந்திக்கொண்டு செலவாகிவிடும். மாதக் கடைசியில் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அது பூஜ்யத்துக்கு அருகில் ஆவியாக மறுக்கும். வெயில் ஏறியதும் அதே சிலிண்டர் நன்றாக எரியும். இதற்காக ஏஜென்சிக்காரரோடு சண்டையிட்டுப் பயனில்லை.

ஏன் சாய்க்கக் கூடாது?

சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும்போது வால்வின் வாயில் மேல்வெளி வாயு மட்டுமே இருக்கும். படுக்கவைத்தால் திரவமே வால்வை மூடி நிற்கும். அப்போது ரெகுலேட்டருக்குள் புகுவது வாயு அன்று, திரவம். ஒரு பங்கு திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 பங்கு வாயுவாக விரியும். விரல் உயரச் சுடருக்காக அமைத்த பர்னரில் அது வந்து விரியும்போது நெருப்பு கூரையைத் தொடும். கலத்தின் அடியில் மிஞ்சிய கசடும் திரவத்தோடு வந்து ரெகுலேட்டருக்குள் படிந்து அதைக் கெடுக்கும். கடைசித் துளியையும் பயன்படுத்திவிட வேண்டும் என்ற சிக்கன எண்ணம் நல்லதே. ஆனால் சாய்த்துப் பெறும் மிச்சம் ஒரு வேளைத் தேநீருக்குக் கூடக் காணாது.

தீரும் தறுவாயை வேறு வழியில் அறியலாம். ஈரத் துணியால் சிலிண்டரின் உடலைத் துடைத்துப் பாருங்கள். திரவம் உள்ள பகுதி சற்றுக் குளிர்ந்திருப்பதால் ஈரம் காயத் தாமதமாகும். மேற்பகுதி விரைவில் காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவேயுள்ள கோடே மிச்சத்தைச் சொல்லும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் எடைதான். வெறுங்கலத்தின் எடை அதன் கழுத்தருகே பொறிக்கப்பட்டிருக்கும். அதோடு 14.2-ஐக் கூட்டினால் வருவதே முழுச் சிலிண்டரின் எடை. சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது, எடை போட்டுக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்பட வேண்டியதில்லை.

அதே இடத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ என்ற ஆங்கில எழுத்து சனவரி முதல் மார்ச் வரையுள்ள காலாண்டையும், பி, சி, டி அடுத்தடுத்த காலாண்டுகளையும் குறிக்கும். எண், ஆண்டு. இது எரிவாயு கெட்டுப்போகும் நாள் என்று பலரும் நினைக்கிறார்கள். அன்று, அந்தக் கலத்தை மறுபடி சோதனைக்கு உட்படுத்த வேண்டிய கெடு அது. கெடு கடந்த கலம் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

ரெகுலேட்டரும் டியூபும்

சிலிண்டருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் பல கிலோ அழுத்தம் இருக்கிறது. அடுப்புக்கு வேண்டியதோ அதே பரப்பில் 30 கிராம் மட்டுமே. இந்தப் பெரும் வேறுபாட்டை ஏற்று, முரட்டுக் குதிரையை அடக்கி நடத்துவது போல் நடத்துவது ரெகுலேட்டர் என்னும் சிறு கருவி. உள்ளே ஒரு மெல்லிய ரப்பர்ச் சவ்வும் ஒரு சுருள்வில்லும் இருந்து இந்தப் பணியைச் செய்கின்றன. சவ்வு தளர்ந்துவிட்டால் சுடர் ஏறி இறங்கித் துடிக்கும். சில நேரம் விசில் போல ஒலிக்கும். இதை வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ பிரித்துப் பார்ப்பது தகாது. ஏஜென்சியில் கொடுத்து மாற்றுவதே முறை.

புதுச் சிலிண்டரை மாட்டியும் வாயு வரவில்லையா? பெரும்பாலும் ரெகுலேட்டர் சரியாக அமரவில்லை என்பதே காரணம். கழற்றி, வால்வின் உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா, தூசி கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு நேராக வைத்து அழுத்தி மறுபடி பொருத்துங்கள். 'கிளிக்' என்ற ஓசை கேட்க வேண்டும். அதன் பின்னும் வராவிட்டால் வால்வுக்குள் இருக்கும் ஊசி சிக்கியிருக்கலாம். அதைக் கம்பியால் குத்தியோ ஸ்பேனரால் தட்டியோ விடுவிக்க முனையாதீர்கள். ஊசி உள்ளே சென்று மீளாவிட்டால் முழுக் கலமும் அடுப்பங்கரையில் கொட்டும். பாதுகாப்பு மூடியைப் போட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். மாற்றித் தருவது அவர்கள் கடமை.

விருந்துக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டுவது மற்றொரு தவறு. 'நன்றாக எரிகிறதே' என்று தோன்றும். எரிவது நன்மைக்கன்று.

டியூபைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கம்பி வலையிட்ட ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது எங்கும் மடியக் கூடாது. சூடான பாத்திரத்தைத் தொடக் கூடாது. அடுப்பைச் சுவரோடு நெருக்கித் தள்ளும்போது பின்புறம் டியூப் மடிந்து சுடர் பாதியாகிவிடும். சிலிண்டரைக் குறை சொல்லுமுன் அடுப்பின் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. டியூபுக்கு அழகாகத் துணியுறை தைத்துப் போடும் சகோதரிகள் இருக்கிறார்கள். உறைக்குள் விரிசல் விட்டாலும் எலி கடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே உறை வேண்டாம்.

சுடரின் நிறம் சொல்வது

எல்லா பர்னர்களும் ஒன்றுபோல் தளர்ந்தால் குறை சிலிண்டரிலோ ரெகுலேட்டரிலோ டியூபிலோ இருக்கும். ஒன்று மட்டும் தளர்ந்து மற்றது நன்றாக எரிந்தால் குறை அந்த பர்னரில்தான். இந்த ஒரு சோதனையே பாதித் தேடலை மிச்சப்படுத்திவிடும்.

நல்ல சுடர் நீலமாக, ஓசையின்றி, கூர்மையாக நிற்கும். மஞ்சள் கலந்து பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், வாயுவோடு போதிய காற்று கலக்கவில்லை என்று பொருள். சூடு குறைவதோடு, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் உண்டாகும். கதவடைத்த சிற்றறையில் இது ஆபத்து. பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் பர்னர்த் துளைகளில் காய்ந்து அடைத்திருக்கும். மேல்மூடியைக் கழற்றி, சோப்பு நீரில் ஊறவைத்து, துளைகளைத் தேய்த்து, முற்றிலும் உலர்த்திய பின் சரியாக அமர்த்தினால் பெரும்பாலும் நீலம் திரும்பிவிடும். ஈரத்தோடு மாட்டினால் வெடுவெடுவென்று எரியும்.

பரணில் ஏற்றிவைத்து நோன்புக் காலத்திலும் விசேஷத்திலும் மட்டும் இறக்கும் பெரிய அடுப்புக்கு வேறொரு நோய் உண்டு. காற்றும் வாயுவும் கலக்கும் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டிவிடும். கண்ணுக்குப் புலப்படாத அந்த மெல்லிய வலை போதும், தீ பின்வாங்கித் திருப்பியின் அருகிலேயே எரியத் தொடங்கும். நோன்புக் கஞ்சிக்கு அடுப்பை இறக்கும் நாளிலேயே குழாய்க்குள் நீளத் தூரிகை விட்டுத் துடைத்துவிட வேண்டும். குழாயின் தொடக்கத்தில் இருக்கும் பித்தளை 'ஜெட்'டின் நுண்துளையை மட்டும் ஊசி கொண்டு குத்தக் கூடாது. மயிரிழை அளவு அகன்றாலும் அந்த அடுப்பின் கணக்கே மாறிவிடும்.

வாடை வந்தால்

எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை நாம் உணரும்பொருட்டே 'எத்தில் மெர்காப்டன்' என்ற பொருளைக் கலந்து அந்த அழுகல் வாடையை உண்டாக்குகிறார்கள். சிலிண்டர் தீரும் தறுவாயில் வாடை சற்று மிகுந்து தோன்றுவதுண்டு. மெர்காப்டன் மெதுவாக ஆவியாவதால் கடைசியில் செறிந்து நிற்பதே காரணம். அப்படித்தான் இருக்குமென்று அசட்டையாக விட்டுவிடாமல், மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பதைவிடக் கொடிய மடமை வேறில்லை.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே பறந்து போகாது. தண்ணீர் போல் தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. ஆகவே உயரத்திலுள்ள சாளரத்தைவிடக் கதவைத் திறப்பதே பயன் தரும்.

ரமலானில் சஹர் நேரத்தை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இரவு முழுவதும் சாத்திக் கிடந்த அடுப்பங்கரைக்குள் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்து, நாம் முதலில் செய்வது மின்விளக்கின் சுவிட்சைப் போடுவது. இரவில் திருப்பியைச் சரியாக மூடாமல் விட்டிருந்தால், அந்தச் சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். கதவைத் திறந்ததும் ஒரு நொடி நின்று முகர்ந்து பார்த்து, பிறகே விளக்கைப் போடுங்கள். அதைவிட மேலானது, இரவில் உறங்கப் போகுமுன் அடுப்பின் திருப்பியோடு நில்லாமல் ரெகுலேட்டரையும் மூடிவிடுவது.

வாடை பலமாக இருந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, எரிவதை அணைக்கவும் கூடாது. புகைபோக்கி விசிறியும் அப்படியே. குழந்தைகளையும் முதியோரையும் வெளியே அனுப்பி, கதவுகளைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றுங்கள். வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைப் பொருத்திச் சிலிண்டரைத் திறந்த வெளிக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்த மூடியை நூலோடு சிலிண்டரிலேயே கட்டித் தருகிறார்கள். அதை அறுத்துக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக்கிவிடாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வீட்டுக்கு வெளியே வந்த பின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். எரிவாயுக் கசிவுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் எண் அது.

பயணத்தில் அடுப்பு

வீட்டில் இத்தனை கவனம் வேண்டிய பொருளைப் பயணத்தில் கூடவே கொண்டுபோவது எத்தகையது? 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் எரிவாயு அடுப்பிலிருந்து பரவிய தீ ஹாஜிகளின் கூடார நகரத்தைச் சூழ்ந்தது. 343 பேர் உயிரிழந்தனர். 1,500 பேர் காயமுற்றனர். ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் எரிந்தன. அதன் பின்னரே சவூதி அரசு தீப்பற்றாத கண்ணாடியிழைக் கூடாரங்களை எழுப்பி, அவற்றில் எரிவாயு அடுப்பைத் தடை செய்தது.

நம் வாசலிலேயே நிகழ்ந்தது, 2023 ஆகஸ்ட் 26. லக்னோவிலிருந்து புனிதத் தலங்களைக் காண வந்த பயணிகளின் தனி ரயில் பெட்டி மதுரையில் நிறுத்தப்பட்டிருந்தபோது அதிகாலையில் தீப்பற்றியது; 9 பேர் மாண்டனர். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டரே காரணமென்று தெற்கு ரயில்வே அறிவித்தது. ரயிலில் இத்தகைய பொருளை ஏற்றுவோருக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

சமையலறையோடு ஓடும் வண்டிகளே இல்லையா எனலாம். அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டிவீடுகள் ஏராளம். அடுப்பு, குளிர்பெட்டி, வெந்நீர்க்கலம், அறையைச் சூடாக்கும் கருவி ஆகியவற்றைப் பலவற்றில் புரொப்பேனே இயக்குகிறது. கடுங்குளிரிலும் ஆவியாக வேண்டும் என்பதாலேயே பியூட்டேன் கலக்காத புரொப்பேன். ஆனால் அங்கே சிலிண்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஆட்கள் தங்கும் அறைக்குள் அன்று. வண்டியின் முன்புறம், காரோடு கோக்கும் இரும்புச் சட்டத்தின் மேல், திறந்த வெளியில். பெரும்பாலும் இரண்டு சிலிண்டர்கள். ஒன்று தீர்ந்தால் தானே மற்றதற்கு மாறும் ரெகுலேட்டர், தீர்ந்ததைச் சிவப்பு அடையாளத்தால் காட்டும். அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம். நம் வீட்டு அடுப்பின் 30 கிராமுக்குச் சற்றே குறைவு. கசிவை உணர்ந்து அலறும் கருவி வண்டிக்குள் தரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். வாயு தரையில் தேங்கும் என்பதால்.

அவ்வண்டிகளில் சுடர் தளர்ந்தாலும் தேடும் வரிசை நம்முடையதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சிலிண்டரின் வால்வை வெடுக்கென்று முழுதும் திறந்தால், 'எங்கோ குழாய் அறுந்துவிட்டது' என்று கருதி, வாயுவின் பெருக்கைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு அடைத்துக்கொள்ளும். வாயு இழையாகவே வரும். எல்லாவற்றையும் மூடி, சற்றுப் பொறுத்து, வால்வை மெல்ல மெல்லத் திறந்தால் சரியாகும். சிலிண்டர் மாற்றிய பின் குழாயில் காற்று நிற்பதால் சூடாக்கும் கருவி பற்றாது. முதலில் அடுப்பைப் பற்றவைத்துச் சீராக எரியவிட்டால் காற்று வெளியேறிவிடும். அங்கே படிக்கவும் வேலைக்கும் போன நம் பிள்ளைகள் விடுமுறையில் இவ்வண்டியை வாடகைக்கு எடுப்பதுண்டு, இதைச் சொல்லிவைக்கலாம்.

நம் ஊர்ச் சுற்றுலா வேன் இப்படி அமைந்ததன்று. இருக்கைக்கு அடியில் சிலிண்டர், அதன் மேல் அரிசி மூட்டை, கண்ணாடிகள் அடைத்த குளிர்சாதனப் பெட்டிக்குள் இருபது பேர் என்று நாகூருக்கும் ஏர்வாடிக்கும் கிளம்புகிறோம். கசிந்தால் வாயு இருக்கைகளின் அடியிலேயே தேங்கும். குழுவாகச் செல்வோர் சமைத்துத்தான் ஆக வேண்டுமெனில், பாத்திர பண்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, போய்ச் சேரும் ஊரின் சமையல்காரர் ஒருவரிடம் அடுப்புக்கும் சிலிண்டருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம். ஏறும் நாளன்று வண்டியில் சிலிண்டர் இருப்பதைக் கண்டால், அதை இறக்கிய பிறகு புறப்படும்படி ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.